நிழற்படக் கலையும் நமது கடனும்

"படம் எடுத்தல்" என்பது நாம் நாடோறும் வழங்கும் தொடர். எடுத்தல் என்னும் அச்சொல்லில் ஒரு பொருள் மறைந்து கிடக்கின்றது. எடுத்தவன் எவனும் கொடுக்கக் கடமைப்பட்டவன். மலையை எடுத்தோம், கோயிலை எடுத்தோம், கொழுந்து பறிக்கும் தாயின் முகத்தை எடுத்தோம் என்று பெருமை பேசும் நாம், எடுத்ததற்கு ஈடாக அவ்வூருக்கும் அம்மனிதருக்கும் கொடுத்தது யாது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? கல்லூரியின் விழா மலர் மலரும் இவ்வேளையில், கமராவில் நாட்டங்கொண்ட பழைய மாணவரும் இளைய மாணவரும் ஒருங்கே சிந்திக்க வேண்டிய வினா இதுவெனக் கருதுகின்றோம்.

ஊர் சுற்றி எடுக்கும் படங்கள் பொழுதுபோக்கே அன்றிக் கலையாகா என்பாருளர். இயந்திரம் எடுப்பதில் மனிதனுக்கு என்ன பங்கு என்பது அவர்கள் கேள்வி. இதற்கு விடையாக நம் நாட்டிலேயே வாழ்ந்து காட்டியவர் லயனல் வென்ட். 1900 ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்த அவர், தொழிலால் நிழற்படக்காரர் அல்லர். இலண்டன் சென்று சட்டம் பயின்றவர். பியானோ வாசிப்பதிற் பெயர் பெற்றவர். கமரா அவருக்கு ஆர்வத்தினால் வந்து சேர்ந்தது. நம்மிற் பலருக்கும் அது அவ்வாறே வந்ததன்றோ? இலங்கையின் ஊர்களையும், இடிபாடுகளையும், உழைக்கும் மக்களையும் அவர் தேடித் தேடிப் படமாக்கினார். 1934 இல் பசில் ரைட் உருவாக்கிய "சோங் ஒவ் சிலோன்" என்னும் திரைப்படத்துக்குத் துணை நின்றதோடு, அதன் உரையையும் தம் குரலிலே வாசித்தளித்தார். 1938 இல் இலண்டன் மாநகரில் அவருடைய படங்கள் தனிக் கண்காட்சியாக வைக்கப்பெற்றன.

அவருடைய வேலை, கமராவின் பொத்தானை அழுத்தியதோடு முடிந்ததில்லை. இருட்டறையிலே தாள் உருத்துலங்கி வரும் நடுவேளையில் அதன்மேல் மீண்டும் ஒளியைப் பாய்ச்சினால், ஒளியும் நிழலும் ஓரளவு இடம் மாறி, உருவத்தின் விளிம்புகள் கோடிட்டாற்போற் துலங்கும். இம்முறையை அவர் கையாண்டார். பல படங்களை ஒன்றாக்கிப் புதுப்படம் ஆக்கினார். ஒரே நெகட்டிவிலிருந்து இருவர் அச்சிட்டால் இரு வேறு படங்கள் பிறக்கும். எவ்விடத்தைக் கறுக்கவிடுவது, எவ்விடத்தை வெளுக்கவிடுவது என்று முடிவு செய்வது மனிதனின் கண்ணும் கையுமே. எனவே இயந்திரம் எடுக்கின்றது என்ற வாதம் நில்லாது. வீணையும் ஒரு கருவியே. அதனால் இசை தச்சனுடையது என்று சொல்வார் எவருமிலர்.

கண்காட்சியின் பயனும் இங்கேதான் விளங்கும். கைக்குள் அடங்கிய தொலைபேசியிலே ஒரு நொடியிற் தோன்றி மறு நொடியில் மறையும் படத்தை நாம் காண்கின்றோமேயன்றிப் பார்ப்பதில்லை. சுவரிலே தொங்கும் படத்தின் முன் நின்றாக வேண்டும். பின்வாங்கி நோக்க வேண்டும். அருகிருப்பவர் சொல்வதைக் கேட்க வேண்டும். பார்ப்பவர் மட்டுமன்றி எடுத்தவரும் சோதனைக்குள்ளாகும் இடம் அது. ஆயிரம் படங்களிலே இருபதைத் தெரிந்து பிறர் முன் வைப்பவர், தம் கண்ணையே தராசில் வைக்கின்றார்.

ஆயினும் லயனல் வென்டின் கதையிலே நமக்கு எச்சரிக்கையொன்று உண்டு. 1944 டிசம்பரில், 44 வயதில், அவர் காலமானார். அதன்பின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. தாளிலே அச்சிடப்பட்டிருந்தவையே எஞ்சின. நண்பர்கள் அவற்றிலிருந்து தொகுத்த நூல் 1950 இல் இலண்டனில் வெளிவந்தது. 1953 இல் கொழும்பிலே அவர் பெயர் தாங்கிய கலையரங்கம் எழுந்தது. 2017 இல் நெதர்லாந்தின் அம்ஸ்ரர்டாம் நகரத்து நிழற்பட அருங்காட்சியகமொன்று அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தது. பெட்டிக்குள் இருந்தது போயிற்று; அச்சேறிப் பிறர் கைக்குச் சென்றது பிழைத்தது. கொடுத்ததே நிலைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

கொடுக்க வேண்டியவற்றுள் முதலாவது பெயர். யூலியா மார்கரெட் கமரன் என்னும் அம்மையார் இங்கிலாந்திலே டார்வின், தெனிசன் முதலிய பெரியோரைப் படமெடுத்துப் புகழ் கொண்டவர். 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் மலைநாட்டிலே மறைந்தார். இங்கே அவர் எடுத்தவற்றுட் பெரும்பாலானவை உழைப்பாளிகளின் படங்கள்; அவர்களுட் தமிழர் பலர். இந்நாட்டவர் ஒருவருடைய முதுகின் அழகில் மயங்கி, தோட்டமே இல்லாத வீட்டுக்கு அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி தம் மைந்தரை வற்புறுத்தினார் என்று, அவரைக் காண வந்த ஓவியர் மரியான் நோர்த் எழுதியிருக்கின்றார். கேட்போருக்கு நகை விளைக்கும் செய்தி இது. ஆனால் சற்றே எண்ணிப் பாருங்கள். இங்கிலாந்தில் அவருக்காகக் கோலம் புனைந்து நின்ற வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரின் பெயரைக் கலையுலகம் அறியும். இந்நாட்டில் அவர் கமராவின் முன் அமர்ந்த எம்மவரோ "தமிழ்ப் பெண்", "தோட்டத் தொழிலாளி" என்ற பொதுப் பெயர்களோடே உலக அருங்காட்சியகங்களில் வீற்றிருக்கின்றனர். முகம் இருக்கின்றது, பெயர் இல்லை. அவர் யாருக்குப் பாட்டி, யாருக்குப் பாட்டன் என்று இனி எவர் சொல்லவல்லார்?

அந்நியர் செய்த குறை என்று கூறி நாம் தப்பிவிட முடியாது. இன்று நம் மாத்தளைத் தோட்டங்களுக்குக் கமராவோடு செல்லும் நம்மவரிற் பலரும் கொழுந்துக் கூடையை எடுக்கின்றனர், மூக்குத்தியை எடுக்கின்றனர், பனிமூட்டத்தை எடுக்கின்றனர். "உங்கள் பெயர் என்ன, அம்மா?" என்று கேட்பவர் எத்துணைப் பேர்? லயத்து வாசலிலே நின்று ஒரு பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ள அரை நிமிடம் போதும். அடுத்த முறை செல்லும்போது ஒரு பிரதியை அத்தாயின் கையிலே கொடுக்க இன்னும் சிறிது மனம் வேண்டும். அவ்வளவும் செய்தால், அப்படம் கலையாகக் குறைந்துவிடுமா? குறையாது, கடன் தீர்ந்த கலையாக நிற்கும்.

கொடுக்க வேண்டியவற்றுள் இரண்டாவது காப்பு. நம் மாவட்டத்துச் சிகிரியாக் குன்றை யோசப் லோட்டன் 1870-71 அளவிலே படமெடுத்தார். 1890களில் எச். சி. பி. பெல் அங்கே அகழ்வுப் பணி தொடங்குவதற்கு முன், காடு மூடிய அக்கோட்டை எவ்வாறிருந்தது என்பதை அறிய இன்று அப்படங்களே பெருந்துணை. அதே குன்றின் ஓவியங்கள் மீது 1967 இல் தீயோர் வண்ணத்தைப் பூசிப் பாழாக்கினர். இத்தாலியிலிருந்து லூசியானோ மரன்சி என்னும் வல்லுநர் வந்து சீர்செய்ய நேர்ந்தது. கல்லும் நிலையன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நாலந்தாக் கல்லாலயத்தையும் நினைவுகூர்க. மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே, பல்லவர் கட்டடக்கலைச் சாயலோடு விளங்குவது அது. போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது, 1975 இல் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, மேட்டு நிலத்திலே மீண்டும் கட்டப்பட்டு, 1980 அளவில் நிறைவுற்றது. கோயில் பிழைத்தது, அது முன்னர் நின்ற நிலமோ நீருக்குள் ஆழ்ந்தது. 1975க்கு முன் அங்கே சுற்றுலாச் சென்ற பழைய மாணவர் எவரேனும், நண்பர் குழாத்தோடு அவ்வாசலில் நின்று ஒரு படம் எடுத்திருப்பாராயின், அப்படம் இன்று வெறும் நண்பர் படம் அன்று. அவர்களுக்குப் பின்னால் தெரியும் மரமும் வயலும் இனி எவரும் எடுக்க முடியாதவை.

1983 யூலையில் எழுந்த வன்செயலின் தீ மாத்தளையையும் தீண்டியது. தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வீடு எரிந்தபோது அலுமாரி எரிந்தது. அலுமாரியிலிருந்த திருமணப் படமும், பள்ளிக் குழுப்படமும், இறந்துபோன தந்தையின் ஒரே படமும் எரிந்தன. வீட்டை மீளக் கட்டலாம். தந்தையின் முகத்தை எங்ஙனம் கட்டுவது? ஒரு பிரதி வேறோரிடத்தில் இருந்திருந்தால் என்று ஏங்கும் குடும்பங்கள் இன்றும் உள. ஆதலின் படங்களைப் பாதுகாப்பது பொழுதுபோக்கு அன்று என்பதை மாத்தளை மக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

எல்லார் கையிலும் கமரா உள்ள இக்காலத்தில் படத்துக்குப் பஞ்சம் ஏது என்று கேட்பர் சிலர். பஞ்சம் படத்துக்கன்று, தெரிந்தெடுப்பதற்கும் பேணுவதற்கும். தொலைபேசி பழுதானால் பத்தாண்டு வாழ்வும் அதனோடு போகின்றது. பெருவெள்ளத்திலும் குடிநீர்க்கு அலைவது போன்றது நம் நிலை.

ஆகவே நாம் வேண்டுவது இது. இவ்விழாவையொட்டிக் கல்லூரி மண்டபத்திலே ஒரு நிழற்படக் கண்காட்சி நடைபெறட்டும். பழைய மாணவர் ஒவ்வொருவரும் மாத்தளை மாவட்டத்தில் எடுத்த படங்களுட் சிறந்த இரண்டைத் தாளில் அச்சிட்டு அனுப்புக. மாசி மகத்தன்று முத்துமாரியம்மன் பஞ்சரதங்கள் வீதிவலம் வரும் காட்சி, அலுவிகாரைக் குன்று, நக்கிள்ஸ் மலைத்தொடர், ஹப்புவிட அரக்கு வேலைப்பாடு, 1880 இல் மாத்தளையை எட்டிய புகையிரதப் பாதை எனப் பொருளுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: மனிதர் இருக்கும் படத்திலே அவர் பெயரும், ஊரும், ஆண்டும் இருத்தல் வேண்டும். அவரது இசைவும் பெற்றிருத்தல் வேண்டும். கண்காட்சி முடிந்தபின் ஒரு பிரதி கல்லூரி நூலகத்துக்கும், ஒன்று படத்திலுள்ளவருக்கும் சேர்க.

அலுமாரியிற் கிடக்கும் பழம் படங்களையும் வெளியே கொணர்க. படத்தின் பின்புறத்தில் மையினால் எழுதாது மெல்லிய பென்சிலால் எழுதுக. ஒட்டும் தாள் கொண்ட அல்பங்களிலிருந்து மெல்லப் பிரித்தெடுத்து, ஈரமற்ற இடத்திலே வைக்குக. நம் மலைநாட்டு ஈரத்திலே பூஞ்சணம் பற்றுவது எளிது. படங்களைக் கணினியில் ஏற்றும் பணியை மாணவர் மேற்கொள்க; இரண்டு பிரதிகளை இரண்டு இடங்களில் வைக்குக. பெரியவர் அருகிருந்து, "இவர் யார், அவர் யார்" என்று கேட்டெழுதுவது அவர்களுக்கு நல்லதொரு வரலாற்றுப் பாடமுமாகும். அப்பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அதனைச் செய்ய வேண்டும்.

லயனல் வென்ட் விட்டுச் சென்ற தாள்கள் அவர் மறைந்தபின்னும் கடல் கடந்து பேசுகின்றன. கமரன் அம்மையார் எடுத்த முகங்களோ, பெயர் கேட்பார் இன்றி இன்னும் மௌனமாகவே நோக்கி நிற்கின்றன. நாம் எடுக்கும் முகங்களுக்கும் அந்நிலை வாராமற் காப்பது நம் கையில் உள்ளது. எடுத்தது போதும், இனிக் கொடுப்போமாக.