நிறுவியவர் போன பிறகு

கல்லூரி நூலகத்தில் கோஹாவை நிறுவலாம் என்றதும், "எத்தனை நாள் ஆகும்?" என்பதே முதல் கேள்வியாக வருகிறது. லினக்ஸில் பழகியவருக்கு அரைநாள் போதும். டெபியன் அல்லது உபுண்டு இயங்கும் சர்வரில் கோஹாவின் தொகுப்பை இறக்கி, மரியாடிபி தரவுத்தளத்தையும் அப்பாச்சியையும் இயக்கி, நூலகத்திற்கென ஒரு தளத்தை உருவாக்கினால், எஞ்சியதை உலாவியிலேயே முடித்துவிடலாம். நாம் கேட்க வேண்டியது வேறு: நிறுவியவர் போன பிறகு அந்தச் சர்வர் யார் பொறுப்பு?

நியூசிலாந்தின் ஹொரோஃபெனுவா நூலக அறக்கட்டளைக்காக 1999இல் எழுதப்பட்டது கோஹா. அவர்களுடைய பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்ற நெருக்கடியில் பிறந்து, பின்னர் கட்டற்ற மென்பொருளாக உலகுக்கு அளிக்கப்பட்டது. மாவோரி மொழியில் கோஹா என்றால் கொடை. பெற்றவர் திருப்பிச் செய்யும் கடமையும் அதில் அடங்கும். நம் ஊர் மொய் போல.

நாமோ உரிமக் கட்டணம் இல்லை என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, கடமையை வெளியாளிடம் ஒப்படைத்துவிடுகிறோம். கடவுச்சொற்கள் அவரிடம். அன்றாடம் தானாகக் காப்புநகல் எடுக்கும் ஏற்பாடு தொகுப்பிலேயே உண்டு. ஆனால் அந்த நகல் அதே சர்வரில்தான் சேர்கிறது. வட்டு பழுதானால் மூலமும் நகலும் ஒன்றாகவே போகும்.

கங்காதர நெல்லூர் போன்ற சித்தூர் எல்லைப் பகுதிகளில் இழப்பு இன்னும் நுட்பமானது. 1953 வரை சென்னை மாநிலத்தில் இருந்த மாவட்டம் அது. தெலுங்கும் தமிழும் அங்கே அருகருகே வாழ்கின்றன. கோஹா யூனிகோடில் இயங்குவதால் இரு மொழி நூல்களையும் அவற்றின் எழுத்திலேயே பதியலாம். மார்க் 21 முறையின் 880ஆம் புலம், ரோமன் வடிவத்தோடு மூல எழுத்து வடிவத்தையும் இணைத்து வைப்பதற்கே உள்ளது. அதைப் பயன்படுத்துவதா என்பதைப் பதிவுப் படிவத்தை அமைப்பவரே தீர்மானிக்கிறார். அவர் ரோமனோடு நிறுத்திக்கொண்டால், தமிழில் தேடும் மாணவிக்கு அந்நூல் அலமாரியில் இருந்தும் இல்லாததே.

ஆகவே நூலகரும் கணினியியல் மாணவர்களும் சேர்ந்தே நிறுவ வேண்டும். ஒவ்வொரு படியையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி நூலகத்திலேயே வைக்க வேண்டும். வாரம் ஒரு நகல் வேறு கட்டடத்திற்குப் போக வேண்டும்; பருவத்திற்கு ஒருமுறை அதைப் பழைய கணினி ஒன்றில் மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத நகலை நம்ப முடியாது.

ஒற்றை நூலகர் மட்டுமே உள்ள கல்லூரிக்கு இது பெரும் சுமை என்பர். நியாயமே. ஆனால் ஒரே சர்வரில் பல நூலகங்களுக்குத் தனித்தனித் தளங்களை அமைக்க கோஹா இடம் தருகிறது. அண்டைக் கல்லூரிகள் கூடினால் சுமை பகிரப்படும்.

நூலகம் ஒரு வளரும் உயிரி என்று 1931இலேயே விதி வகுத்தவர் சீர்காழியில் பிறந்த ரங்கநாதன். உயிரியைக் குத்தகைக்கு விட்டு வளர்க்க இயலாது.