கிராக் போட்ட டேலி

நான் டேலி கற்றுக்கொண்டது கள்ளக்குறிச்சியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில். அங்கே எல்லாக் கணினியிலும் இருந்தது கிராக் போட்ட டேலிதான். தெரிந்தேதான் படித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஊருக்கு மட்டும் உபதேசம் என்பீர்கள்!

கூடப் படித்த நண்பனுக்குக் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம். பஸ் பிடித்து இறங்கி வந்து படித்தவன். "லைசென்ஸுக்குக் காசு கொடுன்னா நான் எங்கடா போவேன்? அப்படியே கொடுத்தாலும் கம்பெனிக்குத்தானே போகுது, புரோகிராம் எழுதுனவனுக்கா போகுது?" என்று கேட்டான். இரண்டுமே நியாயமான கேள்விகள்தான்.

முதல் கேள்விக்கு வருவோம். டேலியிலேயே மாணவர்களுக்காக 'எஜுகேஷனல் மோடு' என்று இலவசமாக ஒன்று இருக்கிறது. மாதத்தில் 1, 2, 31 தேதிகளுக்கு மட்டும்தான் வவுச்சர் போட முடியும். கடைக் கணக்குக்கு உதவாது, ஆனால் கற்றுக்கொள்ளத் தாராளமாகப் போதும். ஆக, நாங்கள் திருட வேண்டிய அவசியமே இல்லை.

சட்டமும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவுப்படி, திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபாரத்துக்கோ லாபத்துக்கோ பயன்படுத்தவில்லை என்றால், தக்க காரணம் இருந்தால் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடம் உண்டு.

எங்கள் ஊர் மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு உண்டு. சிற்பிக்கு இரண்டாவது சிலைக்கு இன்னொரு மரம் வேண்டும், மறுபடியும் அத்தனை நாள் உழைப்பு வேண்டும். மென்பொருளில் முதல் பிரதிக்கு வருடக்கணக்கில் உழைப்பு, இரண்டாவது பிரதிக்கு ஒரு நிமிடம். அதனால்தான் 'சும்மா காப்பிதானே' என்று தோன்றுகிறது. காஸ்டிங் படித்தவர்களுக்குப் புரியும்: செலவு முழுக்க நிலையான செலவு, மாறும் செலவு ஏறக்குறைய பூஜ்யம். அந்த நிலையான செலவை வாங்குகிறவர்கள்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கடைக்கு வாடகையும் கரண்டு பில்லும் கட்டுகிற முதலாளி மென்பொருளுக்கு மட்டும் கட்டாவிட்டால், அவர் பங்கையும் காசு கொடுத்து வாங்கியவர்தான் சுமக்கிறார்.

'எ-கலப்பை'யும் இலவசம்தானே என்பீர்கள். ஆமாம், அதைச் செய்தவர்களே விரும்பிக் கொடுத்தார்கள். கொடுப்பது வேறு, எடுத்துக்கொள்வது வேறு.

நண்பனின் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சம்பளத்துக்கு எழுதிய புரோகிராமின் உரிமை 17-ம் பிரிவுப்படி முதலாளிக்குத்தான். 2012 திருத்தத்தில் சினிமாப் பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் விட்டுக்கொடுக்கவே முடியாத ராயல்டி உரிமை கிடைத்தது. புரோகிராம் எழுதுகிறவருக்கு அப்படி எதுவும் இல்லை. இது மாற வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் கம்பெனி பங்கு தரவில்லை என்பதற்காக நாம் கிராக் போட்டால், எழுதியவருக்கு ஒரு பைசாவும் கூடப்போவதில்லை.

வீட்டுக் கணினியில் இப்போது எஜுகேஷனல் மோடுதான். அடுத்த வருடம் வேலைக்குப் போகும் இடத்தில், "தம்பி, கிராக் போட்டுடு" என்று முதலாளி சொன்னால்? அதை நினைத்தால்தான் கொஞ்சம் பயமாக இருக்கிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?