ஸனது இல்லாத செய்தி

எங்கள் ஆரணியில் பட்டுப் புடைவை எடுக்க வரும் விவரமறிந்த மூதாட்டி, விற்பவரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பிவிடுவதில்லை. ஓரத்து இழை ஒன்றை உருவிக் கொளுத்திப் பார்க்கிறாள். மயிர் கருகும் வாடை எழுந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகி உருண்டையானால் போலி. புடைவைக்கு இத்தனை சோதனை! ஒரு சமுதாயத்தின் மானத்தைப் பற்றிய செய்திக்கோ?

‘பத்திரிகையை இப்போது யார் நம்புகிறார்கள்?’ என்று ஜும்ஆ முடிந்து வெளிவருவோர் பேசிக்கொள்வதைக் கேட்கிறேன். நம்பிக்கை தானாகத் தேயவில்லை, தேய்த்தார்கள். 2020 மார்ச்சில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸில் கூடிய தப்லீக் ஜமாஅத்தாரிடையே கொரோனா பரவியது உண்மை. அதை எழுதியது குற்றமன்று. ஆனால், வேண்டுமென்றே பரப்பினர் என்றும், ‘கொரோனா ஜிஹாத்’ என்றும் இரவு பகலாக முழங்கினார்களே, அச்செய்தியின் அறிவிப்பாளர் யார்? கண்ணால் கண்டவர் எவர்?

அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, 29 வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் நடத்திய பெரும் பிரச்சாரத்தையும் கண்டித்தது. 2025 ஜூலையில் டெல்லி உயர்நீதிமன்றம் 70 இந்தியர் மீதிருந்த 16 வழக்குகளை ரத்து செய்தது. குற்றச்சாட்டை முதற்பக்கத்தில் வெளியிட்ட ஏடுகள் இத்தீர்ப்பை எந்தப் பக்கத்தில் வெளியிட்டன என்பதை வாசகர்களே தேடிப் பாருங்கள்.

அந்த ஏப்ரலில், முப்பது ஆண்டு பழகிய காய்கறிக்காரர் எங்கள் தெருமுனையிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. அவர் நம்பியது தொலைக்காட்சியை.

இதே நாட்டில், நெருக்கடிநிலைத் தணிக்கையின்போது, 1975 ஜூன் 28 அன்று ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ தலையங்கத்திற்குரிய இடத்தை வெறுமையாக விட்டு வெளிவந்தது. எழுதாத அத்தலையங்கத்தை மக்கள் நம்பினர்.

சரி, பத்திரிகையைக் கைவிட்டோம் என்று பெருமை பேசும் நம்மவர் எதைக் கைப்பற்றினர்? வாட்ஸ்அப்பை! ‘உடனே பத்துப் பேருக்கு அனுப்புக’ என்று முடியும் செய்தியை எழுதியவர் யார், கேட்டவர் யார்? ஹதீஸ் கலையில் இன்னாரென்று அறியப்படாத அறிவிப்பாளரை ‘மஜ்ஹூல்’ என்போம். அவர் அறிவிப்பு பலவீனமானது. ஒரே ஒரு ஹதீஸை அதனைக் கேட்டவர் வாயிலாகவே அறிய, ஒட்டகம் வாங்கி ஒரு மாதப் பயணம் செய்து ஷாம் தேசம் சென்றார்கள் ஜாபிர் (ரலி) அவர்கள். அவர்களுடைய வழிவந்தோர் நாம், கட்டைவிரல் அசைவில் அறிவிப்பாளர் ஆகிவிடுகிறோம்! தீயவன் கொணரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு ஸூரா ஹுஜுராத் இட்ட கட்டளை, செய்தி நமக்குச் சாதகமாக இருந்தால் மட்டும் தளர்ந்துவிடுமா?

எத்துணைக் குறையுடையதாயினும் செய்தித்தாளுக்கு ஒரு ஸனது உண்டு. ஆசிரியர், அச்சிடுவோர், வெளியிடுவோர் பெயர்கள் அதில் இருக்கின்றன; அச்சிடுவோரின் பெயரையும் அச்சிடும் இடத்தையும் குறிப்பிடுவதை 1867ஆம் ஆண்டுச் சட்டமே கட்டாயமாக்கியது. அவதூறுக்கு வழக்குத் தொடுக்கலாம்; இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலுக்கு முறையிடலாம். நம்மில் எத்தனை ஜமாஅத்துகள், தேதியும் பக்கமும் குறிப்பிட்டு ஓர் ஆசிரியருக்கேனும் மறுப்பு எழுதின? வசைபாடுவது எளிது, அஞ்சல்தலை ஒட்டுவதுதான் கடினம் போலும்.

சென்ற மாதம் என் மாணவர் பன்னிருவரை, கைபேசியில் வந்த ஏதேனும் ஒரு செய்திக்கு ஸனது எழுதிவரச் சொன்னேன். பதினொருவர், ‘மாமா அனுப்பினார்’ என்ற முதற்படியிலேயே நின்றுவிட்டனர். ஒருவன் மட்டும் அந்த மாமாவிடம் சென்று விசாரித்திருந்தான்; அவருக்கும் தெரியவில்லையாம்.