மரணச் செய்தி கைக்கு வரும்போது...



முன்பெல்லாம் நமது ஊர்களில் ஒரு மவ்த் நிகழ்ந்தால் பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவிக்கும். யாராவது ஒருவர் சைக்கிளில் அடுத்த ஊருக்குப் போய்ச் சொல்வார். தூரத்து உறவினருக்குத் தந்தி போகும். இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கப்படும். செய்தியைக் கேட்டவர் முதலில் செய்த வேலை, எழுந்து அந்த வீட்டுக்குப் புறப்பட்டதுதான்.

இன்று அதே செய்தி நம் உள்ளங்கையில் வந்து விழுகிறது. வட்ஸ்அப் குழுவில் ஒருவர் போடுகிறார். நூறு பேர் 'இன்னாலில்லாஹி' எழுதுகிறார்கள். அடுத்த நிமிடம் ஒரு கல்யாணப் படம் வருகிறது. அதற்கு நூறு 'மாஷா அல்லாஹ்'. எழுதிய நூறு பேரில் மவ்த்தான வீட்டின் வாசலை மிதித்தவர்கள் எத்தனை பேர்? இம்மாதம் இதைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

முதலில் தூரத்து மரணம் ஒன்றைப் பார்ப்போம். நடிகை ஸ்ரீதேவியின் பெயரைக் கேள்விப்படாத தமிழ் பேசும் வீடுகள் குறைவு. 2018 பெப்ரவரி 24ஆம் திகதி டுபாய் ஹோட்டல் ஒன்றில் அவர் இறந்தார். குளியல் தொட்டியில் தவறுதலாக மூழ்கியதே காரணம் என்று அந்நாட்டு அதிகாரிகள் அறிவித்தார்கள். உடல் மும்பைக்கு வந்து சேர மூன்று நாட்கள் சென்றன. அந்த மூன்று நாட்களும் நடந்ததென்ன? சில இந்தியத் தொலைக்காட்சிகள் குளியல் தொட்டியைப் படம் போட்டுக் காட்டின. ஒரு செய்தியாளர் தானே தொட்டிக்குள் படுத்துக் காட்டினார். அக்காட்சிகள் கைத்தொலைபேசிகள் வழியாக நாடு நாடாகச் சுற்றின. அவரை ஒருநாளும் நேரில் காணாதவர்களெல்லாம் அவர் எப்படி இறந்தார் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அவருடைய மகள்மார் இருவரில் மூத்தவருக்கு அப்போது 20 வயது, இளையவருக்கு 17. தாயை இழந்த அந்தப் பிள்ளைகளின் கையிலும் தொலைபேசி இருக்குமே என்று எத்தனை பேர் எண்ணிப் பார்த்தார்கள்?

"நாங்கள் எதுவும் எழுதவில்லையே, சும்மா பார்த்தோம்" என்று சிலர் சொல்லக் கூடும். பேஸ்புக், யூடியூப், டிக்டொக் போன்றவற்றுக்கு வருமானம் விளம்பரத்தால் வருகிறது. நாம் எதில் நின்று பார்க்கிறோமோ, அது போன்றதையே மேலும் மேலும் நம் முன் வைக்கும் விதத்தில் அவை அமைக்கப்பட்டுள்ளன. ஆகவே சும்மா பார்ப்பதும் அதை வளர்ப்பதுதான். வாங்குவதற்கு ஆள் இருக்கும்வரை கடை மூடப்படுவதில்லை.

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் பால்குடிப் பருவத்திலேயே வபாத்தானார். அன்று சூரிய கிரகணம் உண்டானது. நபியின் மகன் மரணித்ததால்தான் சூரியன் மறைந்தது என்று மதீனாவில் பேச்சு எழுந்தது. புகழை விரும்பும் தலைவர் ஒருவராக இருந்தால் அந்தப் பேச்சை வளர விட்டிருப்பார். நபியவர்களோ, எவருடைய மரணத்திற்காகவும் பிறப்பிற்காகவும் சூரியனோ சந்திரனோ கிரகணம் அடைவதில்லை என்று விளக்கி, மக்களைத் தொழுகையின் பக்கம் திருப்பினார்கள். மகனுக்காக அவர்களின் கண்கள் அழுதன. ஆனால் அந்தத் துயரத்தை ஊர்ப் பேச்சாக்க அவர்கள் இடம் கொடுக்கவில்லை.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். ஒரு தாய் வைத்தியசாலையில் கண்ணை மூடுகிறார். இளைய மகன் கட்டாரில் வேலை செய்கிறான். மூத்த மகன் அழுகையை அடக்கிக்கொண்டு, தம்பிக்கு எப்படிச் சொல்வதென்று வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறார். அதற்குள் அயல்வீட்டு இளைஞன் ஒருவன் படத்துடன் செய்தியைப் போட்டுவிடுகிறான். வேலைத்தளத்தில் தனியே நின்று, தன் உம்மாவின் மவ்த்தை யாரோ ஒருவரின் பதிவில் அந்தப் பிள்ளை வாசிக்கிறான். தோளில் கை வைக்கப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. அவன் முதலில் கேட்டிருக்க வேண்டியது தன் நானாவின் குரலையல்லவா?

இன்னொன்றும் நடக்கிறது. வாழ்நாள் முழுவதும் தன் படம் வெளியே போகக் கூடாதென்று பேணி வந்த ஒரு பெண்ணின் முகத்தை, கபனிட்ட நிலையில் படம் பிடித்து அனுப்புகிறார்கள். "வெளிநாட்டிலுள்ளவர்கள் கடைசியாக ஒருமுறை பார்க்கட்டும்" என்பது நல்ல எண்ணமாக இருக்கலாம். ஆனால் அந்தப் படம் ஒருவரோடு நிற்பதில்லை. வேண்டாமென்று சொல்ல அவருக்கோ இப்போது வாயில்லை. அவருக்காகச் சொல்ல வேண்டியவர்கள் ஜனாஸாவைச் சூழ நிற்கும் பெண்களாகிய நீங்கள்தான். வயதில் மூத்த ஒரு ராத்தா, "தொலைபேசிகளை வெளியே வைத்துவிட்டு வாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இதனால் இச்சாதனங்கள் முற்றிலும் தீயவை என்று சொல்ல வரவில்லை. 2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்தோரைத் தகனம் செய்வது நம் நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில், பிறந்து 20 நாட்களேயான ஒரு குழந்தையும் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. அதன்பின் மக்கள் பொரளை கனத்தை மயானத்துக்குச் சென்று அதன் வாயிற் கம்பிகளில் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். பிற சமயத்தவரும் வந்து கட்டினார்கள். துணிகள் அகற்றப்பட்டன. ஆனால் அவற்றின் படங்கள் பரவி, வேறு இடங்களிலும் வெள்ளைத் துணிகள் தோன்றின. 2021 பெப்ரவரியில் நல்லடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. மார்ச் மாதம் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. இங்கே கால்கள் முதலில் நடந்தன, படம் பின்னால்தான் போனது. அந்தப் படம் கேட்டதும் லைக் அல்ல, இறந்தவரின் உரிமை.

இறந்தவரின் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2012இல் ஜேர்மனியின் பேர்லின் நகரில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி நிலக்கீழ் ரயிலில் மோதுண்டு இறந்தாள். அது விபத்துத்தானா என்று அறிய, அவளுடைய பேஸ்புக் கணக்கைப் பெற்றோர் திறக்க முயன்றார்கள். கடவுச்சொல் கையில் இருந்தும் முடியவில்லை. அக்கணக்கு நினைவுக் கணக்காக மாற்றப்பட்டுப் பூட்டப்பட்டிருந்தது. கடிதமும் நாட்குறிப்பும் வாரிசுகளைச் சேர்வது போலவே அக்கணக்கும் சேரும் என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 2018 ஜூலை ஆகியிருந்தது. தம் பிள்ளையின் கடைசி நாட்களை அறிய அந்தத் தாயும் தந்தையும் பல ஆண்டுகள் வழக்காட வேண்டியிருந்தது.

கொடுக்கல் வாங்கலை வஸிய்யத்தாக எழுதி வைக்கும் நாம் இதையும் சொல்லி வைக்கலாமே! தனக்குப் பின் கணக்கைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிக்கவும், அல்லது அதை அழித்துவிடும்படி முன்கூட்டியே கேட்டு வைக்கவும் பேஸ்புக்கில் 2015 முதல் வழியுண்டு. நியமிக்கப்பட்டவர் உங்கள் தனிப்பட்ட செய்திகளை வாசிக்க முடியாது. கூகிளும் இது போன்றதொரு வசதியை 2013இல் ஏற்படுத்தியது. உங்கள் படங்கள் உங்களுக்குப் பின் யார் கையில் இருக்க வேண்டும் என்பதை இன்றே மகளிடமோ சகோதரியிடமோ சொல்லிவிடுங்கள்.

முஃதா போரில் ஜஃபர் (ரழி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, துயரத்தில் இருக்கும் அவரது குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நபியவர்கள் ஏவினார்கள். அடுத்த முறை ஒரு மரணச் செய்தி உங்கள் கைக்கு வரும்போது, பிறருக்கு அனுப்புமுன், பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிவித்தாயிற்றா என்று அந்த வீட்டாரிடம் கேளுங்கள். பக்கத்து வீடானால் அடுப்பை மூட்டுங்கள். தூரமானால் அழைப்பெடுத்துக் குரலால் பேசுங்கள். நாற்பது நாள் கழித்தும், ஊர் மறந்த பின்பும், இத்தாவிலிருக்கும் அந்தப் பெண்ணை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

வல்ல அல்லாஹ் நம்மில் மரணித்தோரைப் பொருந்திக்கொள்வானாக. ஆமீன்.