'ஒத்துழைக்கவில்லை' எண்டு எழுத முதல்

அவுஸ்திரேலியாவில் ஒரு பூர்வகுடி வீட்டுக் கதவை உளநல உத்தியோகத்தர் தட்டுகிறார். அம்மம்மா திறக்கிறா, ஆனா உள்ளே விடேல்லை. கேள்விகளுக்குப் பதிலும் இல்லை. கோப்பில் எழுதுப்படுவது: 'ஒத்துழைக்கவில்லை'.

பிழை அந்த ஒரு சொல்லிலேயே தொடங்குது எண்டுதான் நான் நினைக்கிறன். ஏறத்தாழ 1910 தொடக்கம் 1970 வரை அரசும் தேவாலய மிஷன்களும் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள். அதுவும் 'நலன்புரி' எண்ட பேரில! 1997இல் 'பிரிங்கிங் தெம் ஹோம்' அறிக்கை இதைப் பதிவு செய்தது. 2008இல் பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் கோப்போட வாற ஆளைக் கண்டா அவவுக்கு வேற என்ன ஞாபகம் வரும்?

'பண்பாட்டுப் பாதுகாப்பு' எண்ட கருத்தை முன்வைத்தவர் நியூசிலாந்தின் மாவோரித் தாதி இரிஹபெட்டி ராம்ஸ்டன். சேவை பாதுகாப்பானதா எண்டு சொல்ல வேண்டியவர் அதைப் பெறுபவர்தான். ஒருநாள் பட்டறையில் சான்றிதழ் எடுத்தவர் தனக்குத் தானே புள்ளி போடேலாது. (வளாகத்தில நாங்களும் எத்தனை சான்றிதழ் வாங்கியிருக்கிறம்!)

அப்ப என்ன செய்யிறது? முதல் நாள் படிவத்தைப் பைக்குள்ளேயே வைக்கலாம். தேத்தண்ணி குடிச்சு, எந்த இடம், ஆரின்ர ஆக்கள் எண்டு கதைக்கலாம். தன்னைப் பற்றியும் சொல்லலாம். பெரியம்மாமாரும் பேத்தியாரும் சேர்ந்து வளர்க்கிற பிள்ளையைக் 'கவனிப்பாரற்றது' எண்டு எழுதாமல் விடலாம். இதுக்கெல்லாம் நேரம் வேணும். மூன்று சந்திப்போட கோப்பை மூடச் சொல்லுற மேலதிகாரி அந்த நேரத்தைக் குடுப்பாரா?