ஹாலுக்குள் வந்த தோல்

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளின் இணைப்புகளில் வீட்டு அலங்காரத்துக்கென்று ஒரு பக்கம் வருகிறது. பத்துக்குப் பத்து ஹாலைப் பெரிதாகக் காட்டுவது எப்படி, கறுப்புத் தோல் சோபா போட்டால் சுவருக்கு என்ன வண்ணம் அடிப்பது என்றெல்லாம் சொல்கிறார்கள். மூன்று பேர் உட்காரும் சோபா இடத்தை அடைத்துக்கொள்ளும், இரண்டு பேருக்கானதைப் போட்டு எதிரே கண்ணாடி மாட்டுங்கள். கால் தெரிகிற சோபா என்றால் அடியில் தரை தெரியும், அறை விசாலமாகத் தோன்றும். வெயில் படாமல் போடுங்கள், மழைக்காலத்தில் பூசணம் பிடிக்காமல் துடைத்து வையுங்கள். யோசனைகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தத் தோல் எங்கேயிருந்து வந்தது என்பதை மட்டும் அந்தப் பக்கம் பேசுவதில்லை. நாம் பேசுவோம்.

செத்த மாட்டைத் தூக்குகிறவன் தீட்டு. உரிக்கிறவன் தீட்டு. செருப்புத் தைத்தவன் தான் தைத்த செருப்பையே காலில் போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடக்க முடியாது, கையில் தூக்கிக்கொண்டு போகவேண்டும். அதே தோல், விலைச்சீட்டு ஒட்டி வந்ததும், வாசப்படி தாண்டி, சாமி படத்துக்கு நேர் எதிரே நடுஹாலில் உட்கார்ந்துகொள்கிறது. எந்தப் புரோகிதரும் அதற்குப் பரிகாரம் சொன்னதாகத் தெரியவில்லை. சனாதனத்தின் தீட்டுக் கணக்கில் பொருளுக்கு விடுதலை உண்டு, பொருளைத் தொட்ட மனுசனுக்குக் கிடையாது. சென்னையில் குரோம்பேட்டை என்று ஒரு ஊரே இருக்கிறது. குரோம் லெதர் கம்பெனி வைத்த பெயர். அங்கே குடியிருக்கிறவர்கள் யாரும் தோல் பெயரைச் சொல்லக் கூசுவதில்லை. ஆனால் அதே ஊரில் வீடு தேடிப் போனால் "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி நம்மாளுக்கு முன்னாடியே வாசலில் வந்து நிற்கும்.

வாசனைக்கும் இதே கணக்குதான். தோல் ஷாப்பில் வேலை முடித்து வருகிறவர் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்துகிறார், "என்னா நாத்தம்" என்று எழுந்து போகிறார். அவரே கடையில் சோபாவின் கைப்பிடியில் மூக்கை வைத்து மோந்து பார்த்து "ஒரிஜினல் லெதர்தான், வாசனையே சொல்லுது" என்கிறார்.

பாலாற்றுக் கரையில் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, தெற்கே திண்டுக்கல் என்று தோல் ஷாப்புகள் நிறைந்த ஊர்கள். உழைக்கிறவர்களில் பெரும்பகுதி நம் சேரிச் சனங்கள். உப்புப் போட்டு வந்த தோலை ஊறவைத்து, சுண்ணாம்பிலும் சோடியம் சல்பைடிலும் போட்டு மயிரைக் கழற்றி, ஒட்டியிருக்கிற சதையை வழித்து எடுத்து, அப்புறம்தான் பதனிடுகிறார்கள். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். பிறகு குரோம் உப்பு, சுற்றுகிற பெரிய டிரம்முக்குள். டிரம்மிலிருந்து தோல் ஈரமாக நீல நிறத்தில் வெளியே வரும். சுண்ணாம்பு கையை அரிக்கும், குரோம் தோலில் புண்ணாக்கும். மாட்டுத் தோல் அழுகாமலிருக்க மனுசத் தோல் கொடுக்கிற விலை இது.

நம்மூர் மாட்டுத் தோலில் தழும்புகள் அதிகம். நுகத்தடி அழுத்திய இடம், தார்க்குச்சி குத்தின இடம், சூடு போட்ட இடம், உண்ணி கடித்த இடம். அப்படியே விட்டால் விலை போகாது. மேல்பரப்பைத் தேய்த்து, சாயம் பூசி, யந்திரத்தில் அழுத்திப் புதிதாக ஒரு ரேகையைப் பதிக்கிறார்கள். உழைத்த உடம்பின் அடையாளம் போனபிறகுதான் அது ஹாலுக்கு லாயக்காகிறது. நம்மில் படித்து நகரத்துக்கு வந்தவர்களிடம் எதிர்பார்க்கப்படுவதும் ஏறக்குறைய இதுதான்.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்று அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. மாசு செய்தவரே அதற்குப் பணம் கட்ட வேண்டும் என்றார்கள். 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவு போடவேண்டியிருந்தது. நடுவில் 2015 ஜனவரி 31 விடியற்காலையில் ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்து பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அலங்காரப் பக்கத்துக்கும் அந்தச் சேற்றுக்கும் தொடர்பே இல்லாதமாதிரிதான் இரண்டு செய்தியும் வெவ்வேறு தாளில் அச்சாகின்றன.

வடக்கே இன்னொரு கதை. 2002 அக்டோபரில் ஹரியானாவின் ஜஜ்ஜர் பகுதியில் பசுவைக் கொன்று உரித்ததாகச் சொல்லி ஐந்து தலித்துகளை அடித்தே கொன்றார்கள். 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டை உரித்ததற்காக நம் பிள்ளைகளைக் காரில் கட்டிவைத்து அடித்தார்கள். உரிக்காவிட்டாலும் உதை, உரித்தாலும் உதை. அதன்பிறகு குஜராத் தலித்துகள் செத்த மாடுகளைக் கொண்டுவந்து சுரேந்திரநகர் கலெக்டர் ஆபீசு முன்னால் போட்டார்கள். 1956 அக்டோபர் 15 அன்று நாகபுரியில் பாபாசாகேப் பேசியது நினைவுக்கு வருகிறது. செத்த மாட்டின் கொம்பும் தோலும் எலும்பும் எவ்வளவு காசு தரும், அதை ஏன் விடச்சொல்கிறீர்கள் என்று கணக்குப் போட்டு ஒருவர் பத்திரிகையில் எழுதியிருந்தார். அவ்வளவு லாபமென்றால் நீங்களே செய்யுங்களேன் என்பதுதான் பாபாசாகேப்பின் பதில். அந்த அழைப்பை இன்றுவரை யாரும் ஏற்கவில்லை. லாபத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். வேலைக்குப் போன தோழர் ஒருவர் தவணையில் தோல் சோபா வாங்கிப் போட்டால் நம் கூட்டங்களில் ஒரு முணுமுணுப்பு எழுகிறது. "அவரு மாறிட்டாரு, நடுத்தர வர்க்கமாயிட்டாரு." இந்தப் பேச்சை நாம் ஏற்கவில்லை. நம்மைப் பாயிலேயே உட்காரவைத்துப் புரட்சி பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் தங்கள் வீட்டு நாற்காலியைத் தூக்கி வெளியே போடட்டும். உட்காரும் இடம் நமக்கு அலங்காரச் சமாச்சாரம் இல்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவரான தலித் பெண்ணைத் தரையில் உட்காரவைத்து, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கூட்டம் நடத்திய படத்தை நாடே பார்த்தது. நம் அம்மாக்கள் நம் ஹாலில் மெத்தென்ற சோபாவில் சாய்ந்து உட்காரட்டும். நுனியில் ஒட்டிக்கொண்டு உட்காருகிற பழக்கம் போகவே அவர்களுக்கு மாசக்கணக்காகும்.

ஆனால் ஒன்று. அந்த ஹாலுக்குத் தொட்டி கழுவுகிற சித்தப்பா வந்தால் எங்கே உட்காருகிறார்? ஆபீசு நண்பர்கள் வரும் நாளில் அம்பேத்கர் படம் ஹாலிலிருந்து படுக்கையறைக்குப் போகிறதா இல்லையா? வீட்டுக்காரருக்குப் பயந்து அப்படிச் செய்கிறவர்களின் நெருக்கடி புரிகிறது, வாடகை வீட்டில் ஒண்டியிருப்பவர்கள் மேல் கல்லெறிய நாம் வரவில்லை. சொந்த வீட்டிலும் படம் உள்ளே போவதுதான் உறுத்துகிறது. பறையைச் சுவரில் அழகுக்கு மாட்டுகிற புது மோஸ்தரையும் பார்க்கிறோம். அடிக்காத பறை வெறும் தோல்தான், அதுவும் பூசணம் பிடிக்கும்.

வங்கி கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று சொல்லலாம். சோபா வாங்கக் கடன் கேட்கிற அரசு ஊழியருக்குச் சம்பளப் பட்டியல் போதும். செருப்புத் தைக்கத் தோல் வாங்கப் பத்தாயிரம் கேட்கிற அருந்ததியருக்கு, ஜாமீன் வேண்டாமென்று விதி இருந்தாலும், ஜாமீன்தாரரைக் கூட்டிவரச் சொல்லி மூன்று முறை அலையவிடுவார்கள். தோலால் ஆன பொருளுக்குக் கடன் கிடைக்கிறது, தோலில் பொருள் செய்கிறவருக்குக் கிடைப்பதில்லை. இதை மாவட்டந்தோறும் கணக்கெடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்க மாணவத் தோழர்களால் முடியும்.

தோல் தொழில் பற்றி நம் இலக்கியத்தில் பேச்சே இல்லாமல் இல்லை. டி. செல்வராஜின் 'தோல்' நாவல் திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்களைப் பற்றியது, 2012இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. தொழிலாளர்களே தங்கள் வாயால் சொன்னது குறைவு. அடுத்த இதழில் அதற்குப் பக்கம் ஒதுக்குகிறோம். பாலாற்றுக் கரையிலும் திண்டுக்கல்லிலும் தோல் ஷாப்பில் வேலை பார்க்கும் தோழர்கள் எழுதி அனுப்புங்கள். கூலி எவ்வளவு, கையுறை தருகிறார்களா, தொட்டிக்குள் யாரை இறக்குகிறார்கள் என்று இருப்பதை இருக்கிறபடி. எழுத வராதவர்கள் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.