வயசான பூனையும் டாக்டர் பயமும்

1/ "எங்க பூனைக்கு ஆஸ்பத்திரின்னாலே ஆகாது சார், அதான் கூட்டிட்டே போறதில்ல." 10 வயது தாண்டிய பூனை வைத்திருப்பவர்கள் பலர் சொல்வது இது. நான் மனுஷங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன்தான். இருந்தாலும் சொல்கிறேன்: பூனையைப் பயமில்லாமல் கூட்டிட்டுப் போறது செல்லம் கொடுக்கிற விஷயம் இல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி.

2/ ஏன்? வீட்ல நார்மலா இருக்கிற பிபி, டாக்டரைப் பார்த்ததும் சிலருக்கு ஏறும். பூனைக்கும் அதே கதைதான். அதுக்கு மேல, பயத்திலேயே பூனையின் ரத்த சர்க்கரையும் எகிறும். சுகர் இல்லாத பூனைக்கு சுகர் இருக்கிற மாதிரி ரிசல்ட் வரலாம்.

3/ பயந்து போகாமலே விட்டால்? வயசான பூனைக்கு வரும் சிறுநீரக நோய், தைராய்டு, பிபி எல்லாம் சத்தமில்லாமல் முற்றும். கவனிக்காத பிபி திடீர்னு கண்பார்வையைப் பறிச்சிடும்.

4/ கேரியரை எப்பவும் ஹாலில் திறந்தே வையுங்க. உள்ளே பழைய துணி, கொஞ்சம் தீனி. மேல்மூடி கழற்றுகிற மாதிரி வாங்குங்க. மூட்டுவலி உள்ள பூனையை இழுத்து வெளியே எடுக்க வேண்டாம், உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கலாம். வழியில் துண்டு போட்டு மூடுங்க. வெயிட்டிங்கில் நாய்களுக்கு நடுவே தரையில் வைக்காதீங்க.

5/ அப்பவும் நடுங்குதா? முன்கூட்டியே கால்நடை மருத்துவரிடம் மருந்து கேளுங்க. நாம நரம்பு வலிக்கு எழுதும் கேபாபென்டினைத்தான் கிளம்ப 2-3 மணி நேரம் முன்பு கொடுக்கச் சொல்வாங்க. அதன் உறவுக்கார மருந்தான ப்ரீகேபாலினை, பூனைகளின் பயணப் பயத்துக்கென்றே அமெரிக்க எஃப்டிஏ 2023ல் அனுமதித்தது.

6/ "அப்போ வீட்ல இருக்கிற மாத்திரையே போதுமே?" கூடவே கூடாது. சிறுநீரகம் பலவீனமான பூனைக்கு டோஸ் குறைக்கணும், அதை அவர்தான் முடிவு பண்ணணும். பாராசிட்டமால் பக்கம் போகவே போகாதீங்க. ஒரு மாத்திரையே பூனையின் உயிரைப் பறிக்கலாம்.

7/ பூனை அடம்பிடிக்கல, பயப்படுது. பரண்மேல் கிடக்கும் கேரியரை இன்னைக்கே இறக்கிடுங்க.